கல்லில் வெட்டாத கல்வெட்டு

எல்லோருக்கும் வணக்கம். நூல்நிலைய மேடையில் நின்று கல்லறையைப் பற்றிப் பேசுவது ஒருமாதிரித்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திருகோணமலையில் நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தை பஸ்ஸில் போகும்போதாவது பார்த்திருப்பீர்கள். வெட்டிவிட்ட புல், வரிசையாகக் கற்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் அங்கே கிடையாது. 1917இல் தொடங்கிய கல்லறை ஆணைக்குழு அதை விதியாகவே வைத்திருக்கிறது.

1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது. 307 பேர் இறந்தார்கள். புதைகுழி இல்லாமல் கடலோடு போன அந்தக் கடற்படைக்காரருக்கும் இங்கிலாந்துத் துறைமுக நகர்களின் நினைவுத் தூண்களில் ஆளுக்கொரு வரி இருக்கிறது.

சரி, அன்றைக்கு டொக்யாட்டில், அதுதான் கடற்படையின் கப்பல் பட்டறையில், கூலிக்கு நின்ற எங்கள் ஆட்களின் பெயர் எங்கே?

என் கையில் இருப்பது அம்மப்பாவின் கல்வெட்டு. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த நினைவுப் புத்தகம், பதினாறு பக்கம். கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்புப் புள்ளி. முதலில் பிள்ளையார் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம். அதற்கப்புறம் அரைப் பக்கத்தில் அவருடைய வாழ்க்கை. அதில் ஒரு வரி: யப்பான் குண்டு விழுந்தவன்று டொக்யாட்டில் வேலையில் நின்றவர், அடிபட்ட இருவரைத் தோளில் தூக்கி வந்தவர். அந்த இருவர் யாரென்று இல்லை. அச்சுக்கூலிக்குப் பயந்து பெயர்களைப் போடாமல் விட்டார்களோ, தெரியாது. எங்கள் வீட்டுப் பிரதி 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடும்போது தொலைந்தது. இது அன்புவழிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில், புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

பாருங்கள், காகிதப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்த சனம் நாங்கள்!

போருக்கு நினைவாக நூலகம் கட்டுவது புது யோசனை இல்லை. நியூசிலாந்தில் லோவர் ஹட் என்ற ஊரில் பூங்காவுக்குப் பக்கத்தில் அப்படியொரு நினைவு நூலகத்தை 1956இல் திறந்தார்கள். கல்லில் எழுத வெளிக்கிட்டால்தான் கரைச்சல். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக நூலகத்தை 1914இல் ஜெர்மன் படை எரித்தது. சுமார் 3 லட்சம் புத்தகங்கள் போயின. அமெரிக்கப் பணத்தில் திரும்பக் கட்டியபோது, ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது என்று லத்தீனில் பொறிக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் நின்றார். பல்கலைக்கழகம் மறுத்தது. பெரிய இழுபறி. 1928இல் அந்த வாசகம் இல்லாமலே திறந்தார்கள். 1940இல் அது திரும்பவும் எரிந்தது.

மூன்று இனம் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு கல்லை நட்டு அதில் என்ன எழுதுவது என்று கேட்டுப் பாருங்கள். நான் இருக்கும்வரை கூட்டம் முடியாது. ஆனால் இந்த நூல்நிலையத்தில் ஒரு றாக்கையை, ஒரு புத்தகத் தட்டை, யாரும் எதிர்க்கமாட்டார்கள். கல்வெட்டுகளை அதில் சேர்ப்போம். பெயர், ஊர், தொழில் என்று பட்டியல் போடுவோம். 1942 மட்டுமில்லை, அதற்குப் பிறகு நாங்கள் பட்டதும் அந்த அரைப் பக்கங்களில்தான் இருக்கிறது. முஸ்லிம், சிங்கள வீடுகளில் கல்வெட்டு அடிக்கும் வழக்கம் இல்லாவிட்டாலும் பழைய டொக்யாட் பாஸ், சம்பளத் துண்டு ஏதாவது இருக்கும். அதையும் கேட்போம்.

அடுத்த சனிக்கிழமை காலை இதே மண்டபத்தில் மேசை போட்டு இருப்பேன். ஒரு தம்பி ஸ்கேனர் கொண்டுவருகிறார். பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் கல்வெட்டைக் கையோடு திருப்பித் தந்துவிடுவோம். ஒன்று மட்டும், துருப்பிடித்த கம்பியை வீட்டில் வைத்துக் கழற்றாதீர்கள். தாள் கிழிந்துவிடும்.