உங்கள் நிரலை இன்னொருவர் படிக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவருக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். கோடை வந்தால் பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு என் தலையில் விழும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

சான்றிதழ் கிடைக்கும். நல்ல நிறுவனமாக இருந்தால் ஊக்கத்தொகை கிடைக்கும். நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-ஷர்ட் ஒன்றும் அநேகமாகக் கிடைக்கும். அதை அணிந்து எடுத்த படம் அன்று மாலையே சமூக ஊடகத்தில் ஏறிவிடும். இவற்றை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால், பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் நடக்கும் இந்தப் பயிற்சியில் பெரிய ஆதாயம் என்று எனக்குப் படுவது ஒன்று உண்டு. அந்த மாணவர் எழுதிய நிரலை, அதாவது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பை, வாழ்க்கையில் முதன்முறையாக, இன்னொருவர் வரி விடாமல் படிக்கிறார்.

கல்லூரியில் பேராசிரியர் படிப்பதில்லையா என்று கேட்பீர்கள். படிக்கிறார். ஆனால் ஒரு வகுப்பு முழுவதும் எழுதிக் குவித்ததை அவர் ஒருவரே திருத்த வேண்டும். விடை சரியாக வருகிறதா என்று பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. மதிப்பெண் போட்டவுடன் அந்த நிரலின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் எழுதியவரே அதைத் திறந்து பார்ப்பதில்லை. நிறுவனத்தில் எழுதி முடித்த அன்றுதான் அதன் ஆயுள் தொடங்குகிறது. மாணவர் கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து அதைத் திறந்து, 'இதை எதற்காக இப்படி எழுதினார்கள்' என்று தலையைச் சொறிவார்.

கல்லூரிகளின் மீது பழி போடுவதாக நினைக்க வேண்டாம். வகுப்பறையில் கற்பிக்கக் கூடியது, வேலையிடத்தில் மட்டுமே பிடிபடக் கூடியது என்று இரண்டு உண்டு என்பது கல்வியாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயிலும் திட்டத்தை 1906-ல் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் இதே முறையை அடித்தளமாகக் கொண்டு வகுப்புகளைத் தொடங்கியது. கணினி நிறுவனங்கள் கண்டுபிடித்த புதுமை என்று இதை யாரும் எண்ணிவிடக் கூடாது.

சரி, இன்னொருவர் படிப்பது எப்படி நடக்கிறது? இன்று பெரும்பாலான நிறுவனங்களில் நிரல்களைப் பாதுகாத்து வைக்கப் பயன்படுவது 'கிட்' என்ற மென்பொருள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் அந்தத் திட்டத்தின் தேவைக்காகவே இதை எழுதினார். யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் இதில் பதிவாகிவிடும். ஒருவர் செய்த மாற்றம் நேரே பொது நிரலில் போய்ச் சேர்ந்துவிடாது. குழுவில் இன்னொருவர் படித்துப் பார்த்து, குறிப்பெழுதி, திருத்தச் சொல்லி, பிறகுதான் ஒப்புதல் தருவார். கோட் ரிவியூ என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஓராண்டுச் சந்தா எந்த நாளில் முடிகிறது என்று காட்டும் சிறிய வேலையை மாணவரிடம் கொடுக்கிறோம். அவர் இன்றைய தேதியை எடுத்து, ஆண்டோடு ஒன்றைக் கூட்டிவிடுகிறார். ஓட்டிப் பார்க்கிறார், சரியாக வருகிறது. பதினைந்து வரிக்குள் வேலை முடிந்தது. அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருக்கிறார். வருவதோ மூன்று குறிப்புகள். 'தேதியை வைத்திருக்கும் இந்த மாறிக்குப் பெயர் வெறும் 'டி' என்று இருக்கிறது. எந்தத் தேதி இது?' 'சந்தாவே இல்லாத வாடிக்கையாளர் இந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன தெரியும்?' மூன்றாவது: 'ஒருவர் பிப்ரவரி 29 அன்று சந்தா கட்டினால்?'

மூன்றாவதைப் படிக்கும் மாணவரின் முகத்தில் லேசாகச் சலிப்பு தெரியும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளுக்காக இவ்வளவு கெடுபிடியா? அப்போது அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வது என் வழக்கம். 2012 பிப்ரவரி 29 அன்று கணினி வசதியை இணையம் வழியே வாடகைக்குத் தரும் மைக்ரோசாஃப்டின் அசூர் கிளவுட் சேவை பெரிய அளவில் முடங்கியது. கணினிகள் ஒன்றையொன்று நம்ப உதவும், ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் மின்னணுச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கும் நிரல், அன்றைய தேதியில் ஆண்டை மட்டும் ஒன்று கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாளே கிடையாது. சான்றிதழ் உருவாகவில்லை; அதை நம்பியிருந்த அடுத்தடுத்த பாகங்களும் வரிசையாக விழுந்தன. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் வேலை பார்க்கும் இடத்தில் நடந்தது இது. இதைக் கேட்ட பிறகு அந்த மாணவர் தேதியைக் கையாளும் எந்த நிரலையும் பழைய கண்ணோடு பார்க்கமாட்டார். தேர்வுக்குப் படித்தது மறந்துபோகும், இது மறக்காது.

குறிப்புகள் முதலில் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். பள்ளி முதல் கல்லூரி வரை முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவருக்கு இன்னும் கூடுதலாகத் தைக்கும். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் அவர் ஒன்றைக் கவனிப்பார்: பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மூத்த பொறியாளரின் நிரலுக்கும் இதே மாதிரிக் குறிப்புகள் வருகின்றன, அவரும் முணுமுணுக்காமல் திருத்துகிறார். சில நேரம் 'இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது' என்று விளக்குகிறார், எதிராளி ஒப்புக்கொள்கிறார். தன்னை வேறு, தன் வேலையை வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பக்குவத்தைப் பாடமாக நடத்த முடியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதித் தருகின்றன. மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள், நாங்களும் பயன்படுத்துகிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரிவியூ செய்பவர், 'இந்த வரி எதற்கு?' என்று கேட்கும்போது, 'கருவி எழுதியது' என்பது பதிலாகாது. அனுப்பியவர் பெயரில்தான் அது பதிவாகிறது. தானே எழுதாத நிரலுக்கும் தானே பொறுப்பேற்க வேண்டிய காலத்தில், படித்துப் புரிந்துகொள்ளும் திறமைக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

படிப்பது என்றவுடன் இன்னொன்று. முதல் வாரத்தில் நிறுவனத்தின் நிரல் தொகுப்பைத் திறந்து பார்க்கும் மாணவர் மிரண்டு போவார். ஆயிரக்கணக்கான கோப்புகள், எங்கே தொடங்குவது என்றே தெரியாது. லினக்ஸின் கருவான கெர்னல் மட்டும் 2020-லேயே 2 கோடியே 70 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. அதை முழுவதும் படித்த மனிதர் யாரும் இருக்க வாய்ப்பில்லை. தேவையான நூலிழையை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மற்றதை நம்பி விட்டுவிடும் கலையை அந்த மாணவர் மெல்ல மெல்லப் பழகுகிறார். கல்லூரியில் எல்லாவற்றையும் வெற்றுப் பக்கத்திலிருந்து எழுதியவருக்கு இது புது உலகம்.

கேள்வி கேட்கும் முறையும் அங்கேதான் பிடிபடுகிறது. பயிற்சி மாணவர்கள் இரண்டு வகை. சிறு தடங்கலுக்கும் உடனே ஓடிவருபவர். இரண்டு நாள் முட்டி மோதியும் வாய் திறக்காதவர். இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். தெரியாது என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்தால் பயிற்சிக்கு ஏன் வரப்போகிறார்? அரை மணி, முக்கால் மணி தானே முயன்று பார்த்துவிட்டு, பிறகு கேட்டுவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. முதல் வாரத்தில் வரும் செய்தி இப்படி இருக்கும்: 'வணக்கம், தேடல் வேலை செய்யவில்லை, என்ன செய்வது?' ஆறாவது வாரத்தில் அதே மாணவர் எழுதுவார்: 'தேடல் பக்கத்தில் வெற்றுப் பட்டியல் வருகிறது. தரவுத்தளத்தில் பதிவுகள் இருப்பதைப் பார்த்துவிட்டேன். நேற்றைய பதிப்பில் சரியாக இருந்தது. இடையில் மாறியது அமைப்புக் கோப்பு ஒன்றுதான். அதில் உள்ள முகவரி தவறு என்று சந்தேகிக்கிறேன்.' இரண்டாவது வகையில் எழுதத் தொடங்கினாலே பாதி நேரம் விடை தானாகக் கிடைத்துவிடும். அனுப்ப வேண்டிய தேவையே இருக்காது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே எட்டு வாரம் செலவழிக்கலாம் என்று நான் சொல்வேன்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் மாணவர்களுக்கு நிறைய உண்டு. 2021 ஜூன் மாதம் எச்பிஓ மேக்ஸ் என்ற ஒளிபரப்புச் சேவையின் சந்தாதாரர்கள் பலருக்கு விநோதமான மின்னஞ்சல் ஒன்று போனது. சோதனைக்காக மட்டும் பயன்படும் வெற்று மடல் அது. அனுப்பியது ஒரு பயிற்சி மாணவர்தான் என்றும், அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்றும் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. அதன்பின் நடந்ததுதான் அழகு. 'அன்புள்ள பயிற்சி மாணவரே' என்று தொடங்கி, ஊர் பேர் தெரியாத பொறியாளர்கள் தாங்கள் இளம் வயதில் செய்த குளறுபடிகளை ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். இந்தத் துறையின் நல்ல குணங்களில் இது ஒன்று. விபத்து நடந்தால், 'யார் செய்தது' என்பதைவிட, 'ஒருவர் கை தவறினால் இவ்வளவு தூரம் போகும்படி அமைப்பை ஏன் விட்டு வைத்தோம்' என்று கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படிக் கேட்காத இடங்களும் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. எது எப்படிப்பட்ட இடம் என்பது உள்ளே இருந்து பார்த்தால் சில வாரங்களில் விளங்கிவிடும்.

சிலருக்கு இந்த வேலையே ஒத்துவராது என்பதும் விளங்கும். நாள் முழுவதும் திரைக்கு முன் உட்கார்வது பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை நான் தோல்வியாகக் கருதுவதில்லை. ஐந்து ஆண்டு கழித்துத் தெரிந்திருந்தால் அல்லவா கஷ்டம்! வேறு சிலர், நிரல் எழுதுவதைவிடப் பரிசோதனையிலோ, வடிவமைப்பிலோ, பயனர் கையேடு எழுதுவதிலோ மனம் லயிப்பதை உணர்கிறார்கள். இப்படியும் வேலைகள் இருக்கின்றன என்பதே பாடத்திட்டத்தில் வராத செய்தி.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயிற்சி என்ற பெயரில் மாணவரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, காணொளிகளைப் பார்க்கச் சொல்லி, சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பிவிடும் வியாபாரம் மலிந்துவிட்டது. சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என் வேலையை யார் படித்துப் பார்ப்பார்? பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் கண்டுகொள்ள ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட, பத்துப் பேர் உள்ள சிறிய நிறுவனத்தில் ஒரு நல்ல வழிகாட்டியிடம் இருப்பது மேல்.

பயிற்சி முடிந்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பல நிறுவனங்கள் பயிற்சியை நீண்டதொரு நேர்காணலாகவே நடத்துகின்றன. திருப்தியாக இருந்தால் வேலைக்கு அழைக்கின்றன. அழைக்காததற்கு, அந்த ஆண்டு ஆள் எடுக்கவில்லை என்பது போன்ற, மாணவருக்குச் சம்பந்தமில்லாத காரணமும் இருக்கலாம். எதுவானாலும், கடைசி வாரத்தில் தன் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் குறிப்பு ஒன்றை எழுதி வைப்பது நல்லது. எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எங்கே சிக்கல் வரலாம் என்று. வேறொரு நிறுவனத்தின் நேர்காணலில், 'என்ன செய்தாய்' என்று கேட்கும்போது, கற்ற மொழிகளின் பெயர்களை அடுக்குபவரைவிட, இந்தக் குறிப்பில் உள்ளதை நிதானமாகச் சொல்பவரிடம்தான் பேச்சு நீளும்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் 'திறந்த மூல' மென்பொருள் திட்டங்களில் யாரும் பங்களிக்கலாம். அங்கும் உங்கள் நிரலை முன்பின் தெரியாத ஒருவர் படித்துக் குறிப்பெழுதுவார். கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில், இத்தகைய மென்பொருள்களுக்குப் பங்களிப்பவர்களுக்கு வழிகாட்டியும் ஊக்கத்தொகையும் கிடைக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் அதில் சேரலாம். இதற்கானாலும் நிறுவனப் பயிற்சிக்கானாலும் விண்ணப்பங்கள் கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கப்பட்டுவிடும். தேர்வெல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். அடுத்த கோடைக்குப் போக நினைப்பவர்கள் இப்போதே தேடத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.