வாக்கு முந்தியது, வகுப்பு பிந்தியது

நடுவர் அவர்களே, கிளிநொச்சிச் சபையோரே, வணக்கம்.

சமூகத்தை மாற்றியது பள்ளிக்கூடமா, மாறிய சமூகமே பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்ததா? சற்றுமுன் பள்ளிக்கூடமே என்று முழங்கிவிட்டுப் போன எதிரணித் தங்கச்சி, 1945ஐ மூன்று தரம் சொன்னா. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி தந்தார், கூலிக்காரன் மகள் டொக்டரானாள் என்றா. நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் 1931ஐ அவ தொடவேயில்லை.

அந்த ஆண்டுதான் பிரித்தானியர் ஆட்சியில் வந்த டொனமூர் அரசியலமைப்பு, படித்தவர் படியாதவர், ஆண் பெண் பாராமல் 21 வயதானவர்களுக்கு வாக்குரிமை தந்தது. (யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த முதல் தேர்தலையே பகிஷ்கரித்தார்கள். அது வேறொரு பட்டிமன்றம்.) கைநாட்டுக்காரர் வீட்டுப் படலையிலும் வேட்பாளர் வந்து நிற்கவேண்டியதாயிற்று. அப்படித் தெரிவான அரசாங்க சபைதான், அதாவது அன்றைய சட்டசபைதான், பிறகு படிப்புக்குக் காசு வேண்டாம் என்றது. கன்னங்கரா பெரிய மனிதர், மறுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வாக்காளர் நின்றார்கள் என்கிறேன்.

வட்டுக்கோட்டையில் மிஷனரிமார் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கியது 1823இல். பிறகு குடாநாடெங்கும் பள்ளிக்கூடங்கள். நூறு வருடம் கழிந்தும் பல இடங்களில் சாதி பார்த்து ஒரு பிள்ளை வாங்கில், இன்னொரு பிள்ளை நிலத்தில். அதே வாத்தியார், அதே கரும்பலகை! சம ஆசனம் கேட்டு ஒடுக்கப்பட்டவர்கள் போராடி, 1930ஐ ஒட்டி அரசாங்கம் உத்தரவு போட்ட பிறகே வாங்கு பொதுவாகத் தொடங்கியது. அதை எதிர்த்தவர்கள் சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். பள்ளிக்கூடம் தானாகவே சமூகத்தை மாற்றுமென்றால், அந்த நூறு வருடமும் அது என்ன செய்துகொண்டிருந்தது?

இனி நம்மட வன்னி. 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எந்தக் கட்டடம் இருந்தது? தறப்பாள் கொட்டில், மடியில் கொப்பி, வெயில் ஏற ஏற உள்ளே அனல். பக்கத்துக் கொட்டிலில் அழுகிற குழந்தையின் சத்தத்துக்குள்ளே கணக்குச் செய்தார்கள். அந்த ஓகஸ்டில் முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். கட்டடம் போன பிறகும் படிப்பு போகவில்லை. அதைச் சுமந்துவந்தது சனம். நடுவர் மணியில் கை வைக்கிறார், முடித்துவிடுகிறேன்.

1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது இலவசக் கல்வி நாட்டில் இல்லையா? இருந்தது. ஆனால் 1948இல் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டே வாக்கும் போனது. தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டங்களின் கையிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்ற ஊர்ப் பிள்ளையைத் தூக்கிவிட்ட இலவசக் கல்வி, வாக்கில்லாதவர் பிள்ளையை மட்டும் ஏன் இத்தனை வருடம் காக்கவைத்தது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். வணக்கம்.