சகுந்தலையின் வாதம் எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

காளிதாசனின் சாகுந்தலம் நாடகத்தை இன்று மேடையேற்றுகிறவர்கள் மாற்றலாமா என்பதுதான் கேள்வி; மாற்றலாம் என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர் அழுத்தமாக ஒன்று சொன்னார்: "பெண்ணைப் பேச வைக்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு நாடகம் எழுதிக்கொள்ளுங்கள். காளிதாசனின் சாகுந்தலத்தில் கை வைக்காதீர்கள். மூலம் மூலமாகவே இருக்கட்டும்." சரி, மூலத்துக்கே போவோம்.

சகுந்தலையின் கதை மகாபாரதத்து ஆதிபருவத்திலேயே இருக்கிறது. அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. காட்டு ஆசிரமத்தில் அவளை மணந்துவிட்டுப் போன மன்னன் துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஊர் சந்தேகப்படுமே என்று தெரியாதவன் போல நடிக்கிறான். மகனோடு சபையில் நிற்கிற சகுந்தலை என்ன கேட்கிறாள் தெரியுமா? "அடுத்தவர் குற்றம் கடுகளவு இருந்தாலும் பார்க்கிறாய், உன் குற்றம் வில்வக்காய் அளவு இருந்தும் பார்க்க மாட்டேன் என்கிறாயே!" ராஜாவை, அவன் சபையிலேயே வைத்துக் கேட்கிறாள். நீ இல்லாவிட்டாலும் என் மகன் இந்த மண்ணை ஆள்வான் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

காளிதாசன் மாற்றியது இந்த இடத்தைத்தான். துர்வாசர் சாபம் வந்தது, அதனால் மன்னனுக்கு மறதி வந்தது, அவன் மேலிருந்த பழி இறங்கிப்போனது. ஐந்தாம் அங்கத்தில் அவளுடைய வழக்கு முழுவதும் அவன் அடையாளமாகக் கொடுத்து, இப்போது விரலில் இல்லாத ஒரு மோதிரத்தை நம்பி நிற்கிறது. "அநாரியனே", அதாவது பண்பில்லாதவனே, என்று அவள் சீறுகிறாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீண்ட வாதம் எங்கே? போதாததற்கு, அந்த மேடை மரபில் மன்னன் பேசுவது சமஸ்கிருதம், அவள் பேசுவது பேச்சுவழக்கு மொழியான பிராகிருதம். ஒரே சபையில் இரண்டு மொழி!

காளிதாசனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆசிரமத்தை விட்டுக் கிளம்புகிறவளின் ஆடையை, அவள் வளர்த்த மான்குட்டி பின்னாலிருந்து இழுக்கிறதே, அந்த நாலாம் அங்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் பழைய கதையை மாற்ற அவனுக்கு உரிமை இருந்ததென்றால், இன்றைக்கு மேடையேற்றுகிற பெண்ணுக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்? அவள் புதிதாக எதையும் ஒட்டவைக்கக்கூட வேண்டாம், எடுத்துவிட்டதைத் திரும்ப வைத்தால் போதும்.

ஏழாம் அங்கத்தில் துஷ்யந்தன் அவள் காலில் விழுகிறான். அவளோ, எல்லாம் என் முன்வினை என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள். நடுவர் அவர்களே, நான் கேட்பது அந்த ஓர் இடத்தைத்தான். அவன் எழுந்திருப்பதற்கு முன்னால், அவள் அந்த வில்வக்காய் வரியைச் சொல்லட்டும்.