டிடிஎஸ் குறைவு என்றால் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

(காட்சி: டம்ளரில் குழாய்த் தண்ணீர். உள்ளே டிடிஎஸ் மீட்டர். எண் 180.)

வணக்கம். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. மீட்டர் 180 காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம். அப்படியென்றால் இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இந்த மீட்டரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்கிடுவதுதான் இதன் வேலை. கிருமி இதன் கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை கலந்திருந்தாலும் எண் பெரிதாக மாறாமல் இருக்கலாம். வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவது அந்தக் கிருமிதான். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

(காட்சி: தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய், பக்கத்தில் கழிவுநீர்க் குழாய். வரைபடம்.)

நம் ஊர்களில் பெரும்பாலும் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே போகும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், செடிக்கு விடுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில், கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின். கடையில் கிடைக்கும் கிட்டில் தண்ணீரை ஊற்றி, மருந்து சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். லைன் தண்ணீரில் இருக்கிறது, மாடித் தொட்டித் தண்ணீரில் இல்லை என்றால், சம்ப்பையும் தொட்டியையும் கழுவும் நேரம் வந்துவிட்டது. லைனிலேயே இல்லையென்றால் குடிநீர் வாரியத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ புகார் கொடுங்கள்.

(காட்சி: சிறிய பாட்டிலில் தண்ணீர் கருப்பாக மாறுகிறது.)

அடுத்து, தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று காட்டும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) பாட்டில். குவாலியரில் ராணுவ ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது. குறி வரை நிரப்பி மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கருத்துவிட்டால் மலக் கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வரும் போர் தண்ணீர் கிருமி இல்லாமலும் கருக்கலாம். கருக்காவிட்டாலும் முழு உத்தரவாதம் கிடையாது, லேப் சோதனைதான் உறுதி. பார்த்து முடித்ததும் பாட்டிலுக்குள் பிளீச்சிங் கரைசல் ஊற்றிவிட்டுக் கொட்டுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கருத்ததா? லேப் முடிவு வரும்வரை, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரையே குடியுங்கள்.

ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்ற உப்புகள் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை கூடத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியக் காரணம் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவே கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உடல் நீலம் பாரிக்கும்.

இவற்றைச் சோதிக்க, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. உப்புச் சோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் அலசிப் பிடிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை மட்டும் அலசவே கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து அதற்குள் இருக்கும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள்.

(காட்சி: ஆய்வறிக்கை.)

அறிக்கை வந்ததும், மலக் கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலை வரியைத் தேடுங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்புறம் நைட்ரேட், பிறகு ஃப்ளோரைடு. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. டிடிஎஸ்ஸை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் குடிப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையும், வெள்ளம் வந்து வடிந்த பிறகும் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.