கம்பெனிகளுக்கும் முகூர்த்த மாதம் உண்டு

(காட்சி: மேசை மேல் ஒரு துண்டுக் காகிதம், பென்சில்)

1901, நியூயார்க். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி தன் கம்பெனியை விற்கக் கேட்கும் தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறார்: 48 கோடி டாலர். வங்கியாளர் ஜே.பி. மார்கன் அதைப் பார்த்துவிட்டு, பேரமே பேசாமல் சரி என்றாராம். அந்தக் கம்பெனியும் வேறு சில எஃகுக் கம்பெனிகளும் ஒன்றாய்க் கலந்து பிறந்ததுதான் யூ.எஸ். ஸ்டீல். மூலதனம் 140 கோடி டாலர்.

இது தனிக் கல்யாணம் இல்லை. 1895 முதல் 1904 வரை அமெரிக்காவில் 1,800-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இப்படிக் கலந்து காணாமல் போயின. அப்புறம் 1920-கள், 60-கள், 80-கள், 90-கள் என்று அலை அலையாக. எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புவது ஏன்?

'செலவு குறையும், பலம் கூடும்' என்று அறிக்கையில் எழுதுவார்கள். அது எந்த வருஷமும் சொல்லக்கூடிய காரணம்.

முதலில் தொழிலில் ஒரு குலுக்கல் வேண்டும். ரயில் வந்ததும் ஊருக்கு ஊர் இருந்த சந்தைகள் ஒன்றாயின. 1893 பொருளாதார நெருக்கடியில் ஆலைகள் போட்டி போட்டு விலையை வெட்டின. கூடிப் பேசி விலை வைக்கலாம் என்றால், 1890-இல் வந்த ஷெர்மன் சட்டம் குறுக்கே நின்றது. சரி, ஒரே கம்பெனியாகிவிட்டால்? அந்தக் கதவை நீதிமன்றம் அப்போது இறுக்கிச் சாத்தவில்லை. கூட்டுச் சதியைத் தடுக்க வந்த சட்டமே கூட்டுக் குடும்பத்துக்குள் தள்ளிவிட்டது!

(காட்சி: ஏறும் பங்கு விலைக் கோடு)

அடுத்தது பணம். வாங்குகிறவர் எப்போதும் ரொக்கமா தருகிறார்? பல நேரம் தன் சொந்தப் பங்கைத் தருகிறார். பங்கு விலை ஊதிக் கிடந்தால், அதுவே அவர் வீட்டில் அச்சடித்த நோட்டு.

2000 ஜனவரி. இணைய இணைப்பு விற்ற ஏஓஎல், வருமானத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பத்திரிகை, சினிமா, டிவி நிறுவனமான டைம் வார்னரை வாங்குவதாக அறிவித்தது. விலை முழுக்கப் பங்காக. புதுக் கம்பெனியில் 55 சதவீதம் ஏஓஎல் பங்குதாரர்களுக்கு! இரண்டே மாதத்தில் ஊதிக் கிடந்த இணையக் கம்பெனிப் பங்குகளின் டாட்காம் பலூன் கிழியத் தொடங்கியது. 2002-இல் நட்டம் கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர். மறுவருஷம் பெயர்ப்பலகையிலிருந்து ஏஓஎல் இறங்கியது.

(காட்சி: மறுபடி அதே துண்டுக் காகிதம்)

கார்னகி என்ன வாங்கிக்கொண்டார் தெரியுமா? யூ.எஸ். ஸ்டீல் பங்கு ஒன்றுகூட வேண்டாம் என்றுவிட்டார். 5 சதவீத வட்டி தரும், தங்கமாகவே திருப்பித் தர வேண்டிய கடன்பத்திரமாகக் கேட்டு வாங்கினார்.