பிழைக்குப் பெயர் வைப்பது யாருக்காக?

வணக்கம். இந்த உரைக்கு அழைத்தபோது, நிரல் எழுதாதவர்களும் கேட்பார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, ஒரு ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில், பல கிளைகளின் அன்றைய பில்களை எல்லாம் ராத்திரி 11 மணிக்கு மேல் திரட்டி மையக் கணினியில் ஏற்றுகிற ஒரு ஸ்கிரிப்ட், அதாவது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன நிரல், ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம், திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஒரு பில்கூட ஏறவில்லை. ஸ்கிரிப்ட் நிற்கவும் இல்லை, எதையும் சொல்லவும் இல்லை. தினமும் கடைசி வரியில் "முடிந்தது" என்று எழுதிவிட்டு அடங்கிவிட்டது. வியாழக்கிழமை காலையில் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "தம்பி, இந்த வாரம் எந்தக் கடையிலுமே யாவாரம் நடக்கலையா?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

உட்கார்ந்து பார்த்தால், முந்தின வாரம் யாரோ செய்த திருத்தத்தில் ஒரு மாறியின், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கிற இடத்தின், பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பைத்தான் முதல் நாளே நேம்எரர் என்ற பிழையை எழுப்பி நின்றிருக்க வேண்டும், எழுப்பவும் செய்தது, ஆனால் அந்த வரியைச் சுற்றி "முயன்று பார்" என்கிற ஒரு ட்ரை, அதற்குக் கீழே "பிழை வந்தால் பிடி" என்கிற வெறும் எக்ஸெப்ட், அதற்குள் "சும்மா விடு" என்கிற பாஸ் என்று ஒரே சொல். அதாவது எந்தப் பிழை வந்தாலும் சரி, விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போ. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்: ஒரு கடையில் இணைப்பு போனால் அதற்காக மற்ற கடைகளின் பில்கள் நிற்கக் கூடாது என்பது அவர் கவலை. எழுத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். ஒரு கடையின் இணைப்பு இழுத்துக்கொண்டே இருந்தது, நிறுத்தலாம் என்று கண்ட்ரோல் சி அழுத்தினேன். நிற்கவில்லை. நான் அழுத்தியதையும் ஒரு பிழையாக எடுத்து விழுங்கிவிட்டு அடுத்த கடைக்குப் போனது. மறுபடி அழுத்தினேன், அதற்கடுத்த கடைக்குப் போனது.

அன்றைக்கு எனக்குள் புகுந்த கேள்வி இன்னும் போகவில்லை. எழுத்துப் பிழை, இணைப்புக் கோளாறு, நான் அழுத்திய பொத்தான், இந்த மூன்றும் எப்படி ஒரே வலையில் விழுந்தன? ஒரு மொழியை வடிவமைப்பவர் பிழைகளை எப்படி வகை பிரித்து வைக்க வேண்டும்? நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான்: பிழைக்குப் பெயர் வைப்பது அதை எழுப்புகிறவருக்காக அல்ல, பிடிக்கிறவருக்காக.

பிழையை இப்படி எழுப்பவும் பிடிக்கவும் இருக்கிற ஏற்பாட்டுக்கு எக்ஸெப்ஷன் என்று பெயர், அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலை இன்னொரு வேலையை அழைக்கிறது, அது மூன்றாவதை அழைக்கிறது, மூன்றாவது ஒரு கோப்பைத் திறக்கப் போகிறது, கோப்பு இல்லை. சி மொழியில் இதற்கு வழக்கம், கழித்தல் ஒன்று மாதிரி ஓர் எண்ணைத் திருப்பி அனுப்புவது. மேலே இருப்பவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும், பார்க்க மறந்தால் இல்லாத கோப்பைப் படித்ததாகவே நினைத்துக்கொண்டு நிரல் மேலே போகும். எக்ஸெப்ஷன் அப்படியில்லை. கீழே இருப்பவர் கூப்பாடு போடுகிறார், அந்தக் கூப்பாடு படிப்படியாக மேலே ஏறுகிறது, "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொல்லும் வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் நிரல் நின்று, எங்கே என்ன ஆயிற்று என்று காட்டிவிடும். அப்படி நிற்பது நல்ல விஷயம், அதை யாரும் கெட்டதாக நினைக்க வேண்டாம். மூன்று நாள் பில் காணாமல் போவதைவிட முதல் ராத்திரியே நின்றிருந்தால் எவ்வளவோ மேல்.

இதில் வடிவமைப்பு எங்கே வருகிறது என்றால், மேலே இருப்பவர் அந்தக் கூப்பாட்டை எப்படி அடையாளம் காண்கிறார் என்பதில் வருகிறது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம் 1991ல் அதை வெளியிட்டபோதே அதில் எக்ஸெப்ஷன் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எக்ஸெப்ஷன் என்பது வெறும் சரம், ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் கோவை. பிடிக்கும் இடத்தில் மொழி அந்தச் சரத்தின் எழுத்துகளை ஒப்பிடவில்லை. நினைவகத்தில் இருப்பது அதே பொருள்தானா என்று பார்த்தது. ஒரே ஊரில் இரண்டு முருகன் இருந்தால் பெயர் ஒன்றுதான், ஆள் வேறு, இல்லையா? அது மாதிரி நீங்கள் ஒரு கோப்பில் எழுதிய சரமும் நான் வேறு கோப்பில் எழுதிய அதே சரமும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். சின்னச் சரங்களை மொழியே உள்ளுக்குள் ஒன்றாக்கிக்கொள்வதால் சில சமயம் வேலை செய்யும். சில சமயம் வேலை செய்வது என்பது ஒருபோதும் வேலை செய்யாததைவிட மோசம், சோதித்துப் பார்க்கும்போது ஓடிவிட்டு ராத்திரியில் காலை வாரும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. சரத்துக்கு உறவுமுறை கிடையாது. பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்பது ஒரு பிழை, பெயர் சொல்லித் தேடுகிற அகராதியில் இல்லாத பெயரை, அதாவது சாவியை, கேட்பது இன்னொரு பிழை, இரண்டுமே "தேடினேன், கிடைக்கவில்லை" என்ற ஒரே சாதிதான். இதைச் சரத்தால் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில் வந்த 1.5 பதிப்பில் பைத்தானின் சொந்தப் பிழைகள் எல்லாம் கிளாஸ்களாக, அதாவது ஒன்றின் கீழ் ஒன்றை வைக்கக்கூடிய வகைகளாக, மாறின. இண்டெக்ஸ்எரர், கீஎரர் இரண்டுக்கும் லுக்கப்எரர் என்று ஒரு தாய். தாயைப் பிடித்தால் இரண்டு பிள்ளைகளும் பிடிபடுவார்கள், ஒருவரை மட்டும் வேண்டுமென்றால் பெயர் சொல்லிப் பிடிக்கலாம். பழைய சரங்களை ஒழிக்க மேலும் பத்து வருடம் ஆயிற்று, 2.6 பதிப்பில்தான் அவை முழுதாகப் போயின.

ஆனால் கிளாஸ் ஆக்கிவிட்டால் மட்டும் போதாது, யாரை யாருக்குப் பிள்ளையாக வைப்பது என்பதுதான் நிஜமான வேலை. என்னுடைய கண்ட்ரோல் சி கதைக்கு இங்கே வருகிறேன். பழைய பைத்தானில் கீபோர்ட்இன்டரப்ட் என்ற அந்தக் குறுக்கீடு, எக்ஸெப்ஷன் என்ற தாயின் கீழேதான் இருந்தது. அதனால் பொதுவாகப் பிழைகளைப் பிடிக்க எழுதிய எல்லா வரிகளும் கண்ட்ரோல் சியையும் பிடித்தன. 2006ல் வந்த 2.5 பதிப்பில், பெப் 352 என்ற முன்மொழிவின்படி (பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவுகளுக்குப் பெப் என்று பெயர்), எல்லாவற்றுக்கும் மேலே பேஸ்எக்ஸெப்ஷன் என்று ஒரு பாட்டியைக் கொண்டுவந்து, கீபோர்ட்இன்டரப்டையும் சிஸ்டம்எக்ஸிட்டையும் எக்ஸெப்ஷன் வீட்டிலிருந்து வெளியே எடுத்து நேராகப் பாட்டியின் கீழ் வைத்தார்கள். இரண்டும் பிழையே இல்லை, மனிதர் சொல்கிற "போதும்" அல்லது நிரலே சொல்கிற "முடிந்தது". வழக்கமாகப் பிழை பிடிக்கிறவருக்கு இவற்றை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, அதனால் அவர் கையில் அகப்படக் கூடாது. இப்போது எக்ஸெப்ஷன் என்று பெயர் சொல்லிப் பிடித்தால் கண்ட்ரோல் சி தப்பித்து மேலே போய்விடும். பெயரே சொல்லாத வெறும் எக்ஸெப்ட் மட்டும் இன்றைக்கும் பாட்டி வரை எல்லாரையும் பிடிக்கிறது, எங்கள் ஸ்கிரிப்டில் இருந்தது அதுதான். அதைத் தடை செய்துவிடலாம் என்று 2024ல்கூட ஒரு முன்மொழிவு வந்தது, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒருமுறை மக்கள் கையில் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவ்வளவு லேசில்லை.

வலைத்தளங்கள் எழுதப் பயன்படும் பிஹெச்பி மொழியும் இதே இடத்தில் நின்று யோசித்தது. 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7ல், அதுவரை நிரலையே சாகடித்துவிடும் பெரிய பிழைகள் பலவற்றைப் பிடிக்கக்கூடிய ஆப்ஜெக்டுகளாக, அதாவது கிளாஸின்படி உருவாகும் பொருள்களாக, மாற்றினார்கள். அவற்றைப் பழைய எக்ஸெப்ஷன் கிளாஸின் கீழே வைத்திருந்தால், ஊர் முழுக்க பிழை பிடிக்க ஏற்கெனவே எழுதப்பட்ட கேட்ச் வரிகள் எல்லாம் அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். அதனால் எரர் என்று தனிக் குடும்பம், இரண்டுக்கும் மேலே த்ரோவபிள் என்ற பொது இடைமுகம். எனக்குப் பிடித்த முடிவு இது, ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பவர்களை நினைத்துப் பார்த்து எடுத்தது.

இப்போது நான் மிகவும் மதிக்கிற ஒரு மாற்றத்தைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். ரொம்ப நாளாகப் பைத்தானில் கோப்பு திறக்கும்போது தவறு நடந்தால் ஐஓஎரர் வரும், ஆனால் கோப்பை அழிக்கும்போது நடந்தால் ஓஎஸ்எரர் வரும். நெட்வொர்க்கில் நடந்தால் சாக்கெட் எரர். ஏன் இத்தனை? நிரலின் எந்தப் பகுதி, எந்த மாட்யூல், எழுப்பியதோ அந்த மாட்யூலின் பெயர் அதற்கு. பிடிக்கிறவருக்கு அதனால் என்ன பயன்? அவர் கேட்பது வேறு: கோப்பு இல்லையா, அல்லது இருந்தும் அனுமதி இல்லையா? இல்லை என்றால் புதிதாக உண்டாக்குவேன், அனுமதி இல்லை என்றால் நிர்வாகியைக் கூப்பிடுவேன். இந்த வித்தியாசம் கிளாஸில் இல்லை, ஆப்ஜெக்டுக்குள் எர்நோ என்ற ஓர் எண்ணில் ஒளிந்திருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. அதனால் எல்லாரும் முதலில் பிடித்து, பிறகு எண்ணைப் பார்த்து, நமக்கு வேண்டியதில்லை என்றால் மறுபடி எழுப்பி, இப்படி நான்கைந்து வரி எழுதிக்கொண்டிருந்தோம், அந்த மறுபடி எழுப்புகிற வரியை மறந்துவிட்டவர்களும் நிறையப் பேர்.

2012ல் வந்த 3.3 பதிப்பில், ஆன்ட்வான் பித்ரூ எழுதிய பெப் 3151 இதைத் தலைகீழாக மாற்றியது. ஐஓஎரர், சாக்கெட் எரர் எல்லாம் ஓஎஸ்எரர் என்ற ஒரே பெயரில் கலந்தன. அதன் கீழே புதிதாக ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர், டைம்அவுட்எரர் என்று நடந்தது என்ன என்பதைச் சொல்லும் பிள்ளைகள் பிறந்தன. பழைய பெயர்களும் மாற்றுப்பெயராக இருந்ததால் பழைய நிரல்கள் பெரும்பாலும் உடையவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, வந்ததை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு புதிய கிளாஸ் தேவையா என்று என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டால் நான் திரும்பக் கேட்பது இதைத்தான்: இதைப் பிடிக்கிறவர் வேறு ஏதாவது செய்வாரா? செய்வார் என்றால் தனி கிளாஸ். இல்லை என்றால் இருக்கிற கிளாஸுக்குள் ஒரு தகவலாகப் போடு.

ஒரு காற்புள்ளி கதையும் உண்டு. பைத்தான் 2ல், எக்ஸெப்ட் வேல்யூஎரர், காற்புள்ளி, டைப்எரர் என்று இரண்டு பிழைகளின் பெயரை எழுதினால் இரண்டையும் பிடிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அது வேல்யூஎரரை மட்டும் பிடித்து, பிடிபட்ட ஆப்ஜெக்டுக்கு டைப்எரர் என்று பெயரும் சூட்டிவிடும்! 2008ல் பைத்தான் 3 வந்தபோது இதற்காகவே, பெயர் சூட்ட ஆஸ் என்ற சொல்லைக் கட்டாயமாக்கி, அந்தக் காற்புள்ளியைத் தொடரியல் பிழையாக்கினார்கள். இப்போது 2025ல் வந்த 3.14ல் அதே வரி மறுபடி செல்லுபடியாகிறது, இந்த முறை எல்லாரும் நினைத்த அர்த்தத்திலேயே.

அப்புறம், ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொன்று நடந்தால்? பைத்தான் 2ல் இரண்டாவது வந்து முதலாவதை மறைத்துவிடும், உண்மையான காரணம் காணாமல் போகும். பைத்தான் 3ல் புதிய ஆப்ஜெக்ட் பழையதைத் தன்னோடு தூக்கிக்கொண்டே வருகிறது, ஃப்ரம் என்று சொல்லி நாமே காரணத்தை ஒட்டியும் அனுப்பலாம். எங்கே நடந்தது என்ற தடமும் ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கிறது. இதில் ஒரு சிக்கல்: ஆப்ஜெக்ட் தடத்தைப் பிடித்திருக்க, தடம் அந்த இடத்தின் மாறிகளைப் பிடித்திருக்க, அந்த மாறிகளில் ஒன்று மறுபடி இதே ஆப்ஜெக்ட். வட்டமாகிவிடும், நினைவகம் உடனே விடுபடாது. அதனால்தான் எக்ஸெப்ட் பகுதி முடிந்ததும் ஆஸ் கொடுத்த பெயரைப் பைத்தானே அழித்துவிடுகிறது. வெளியே வந்து அந்தப் பெயரைக் கேட்டு, இல்லை என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

சரி, எங்கள் பில் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். பைத்தானில் தரவுத்தளங்களுக்கென்று பெப் 249 என்ற பொது உடன்பாடு இருக்கிறது. எந்தத் தரவுத்தள நூலகமாக, அதாவது தரவுத்தளத்தோடு பேச உதவும் ஆயத்த நிரல் தொகுப்பாக, இருந்தாலும் எரர் என்று ஒரு தாய், அதன் கீழே டேட்டாபேஸ்எரர், அதன் கீழே இன்டெக்ரிட்டிஎரர், ஆபரேஷனல்எரர் என்று வகைகள். முன்னது, ஏற்கெனவே இருக்கிற எண்ணில் மறுபடி பில் ஏற்றப் பார்த்தால் வருவது. பின்னது, இணைப்பு அறுந்தது மாதிரியான சமயத்தில் வருவது. நான் அந்த வெறும் எக்ஸெப்டை எடுத்துவிட்டு மூன்றே முடிவுகள் எழுதினேன். இன்டெக்ரிட்டிஎரர் வந்தால் அந்த பில் முன்பே ஏறிவிட்டது, குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம். ஆபரேஷனல்எரர் வந்தால் முப்பது விநாடி பொறுத்து மறுபடி முயல வேண்டும், மூன்று முறைக்கு மேல் போனால் அந்தக் கடையின் பெயரைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். மற்ற எதையும் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு ராத்திரி 11.40க்கு ஸ்கிரிப்ட் செத்து என்னை எழுப்பியது, ஒரு கடையில் தேதியின் வடிவத்தை மாற்றியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். காலையில் கணக்குப் பிரிவு அம்மாவுக்கு எல்லாக் கடைகளின் பில்லும் போய்ச் சேர்ந்திருந்தது.

வணக்கம்.