இரைப்பையை வெட்டிய பிறகு குடலை எங்கே இணைக்கிறார்கள்?

[திரையில்: வியன்னா, 1881 ஜனவரி 29]

43 வயதுப் பெண். இரைப்பையின் கீழ்வாயில் புற்றுக்கட்டி. சாப்பிட்டது எதுவும் இறங்கவில்லை. அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்தார். அதற்கு முன்பு 1879-ல் பாரிஸில் பெயானும், 1880-ல் போலந்துக்காரரான ரிடிகியரும் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். இரண்டு நோயாளிகளும் பிழைக்கவில்லை. இந்தப் பெண் தேறி வீட்டுக்குப் போனார். சுமார் நான்கு மாதம் கழித்துப் பரவிய புற்றால் இறந்தார், ஆனால் பில்ரோத் போட்ட தையல் விட்டுப்போகவில்லை.

[திரையில்: இரைப்பையும் சிறுகுடலும், கோட்டுப்படம்]

சரி, வெட்டியாயிற்று. மிச்சமிருக்கும் இரைப்பையை எதோடு சேர்ப்பது? பில்ரோத் அதைச் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தோடு நேராகத் தைத்தார். உணவு பழைய வழியிலேயே போகும். ஆனால் நிறைய வெட்டிவிட்டால் இரண்டு முனையும் எட்டாது; இழுத்துத் தைத்தால் கசியும்.

1885-ல் அவரே வேறு வழி கண்டார். டியோடினத்தின் முனையை மூடிவிட்டு, இரைப்பையை இன்னும் கீழே இருக்கும் குடலோடு இணைத்தார். இழுவிசை இல்லை. ஆனால் டியோடினம் வழியே வரும் பித்தநீர் இப்போது இரைப்பையின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், உள்ளே புகுந்துவிடும். சிலருக்கு எரிச்சல், கசப்பு வாந்தி. அது அமிலம் இல்லை என்பதால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அவ்வளவாகக் கேட்காது.

[திரையில்: ஒய் வடிவம் மெதுவாக உருவாகிறது]

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசர் ரூ 1890-களில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. குடலைக் குறுக்கே வெட்டினார். கீழ்முனையைத் தூக்கி இரைப்பையோடு தைத்தார். பித்தம் வரும் மேல்முனையைக் கீழே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சேர்த்தார். இன்று அந்த இடைவெளி வழக்கமாக 40 முதல் 60 செ.மீ. அவ்வளவு தூரம் பித்தம் மேலேறி வருவது கடினம்.

இதற்கும் விலை உண்டு. தையல் ஒன்றுக்கு இரண்டு. தூக்கி வைத்த குடல் சிலருக்கு மந்தமாகி, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து குமட்டும். பின்னாளில் பித்தநாளத்தில் கல் வந்தால், வாய் வழியே விடும் கேமரா குழாயான எண்டோஸ்கோப் அங்கே போய்ச் சேருவதும் சிரமம்.

[திரையில்: ஒரு டம்ளர் பாயசம், பக்கத்தில் கடிகாரம்]

இந்த மூன்றிலும் வரக்கூடியது டம்பிங். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வால்வு போய்விட்டதல்லவா? இனிப்பு மொத்தமாகக் குடலுக்குள் கொட்டுகிறது, குடல் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது. பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். சிறு சிறு அளவாக ஐந்தாறு வேளை சாப்பிடுவதும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பலருக்குக் கைகொடுக்கும்.

அப்புறம் வைட்டமின் பி12. முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு உணவிலிருந்து அது சேராது. ஆனால் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும். அதனால் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பி12 ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பாதம் மரத்துப்போகும், செருப்பு கழன்றதே தெரியாது. தயவுசெய்து அந்த ஊசியை நிறுத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த இணைப்பு என்று எழுதியிருக்கிறது பாருங்கள். பில்ரோத் 1 (டியோடினத்தோடு நேராகத் தைத்தது), பில்ரோத் 2 (1885-ல் கண்ட வழி) அல்லது ரூ (ஒய் வடிவம்) என்று இருக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள்.